ஓடினால் பழி, நின்றால் வழி

விபத்துக்குப் பிறகு வண்டி ஓட்டியவர் செய்ய வேண்டியது என்ன?

புனே கல்யாணி நகரில் 2024-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி அதிகாலை 2½ மணி அளவில் நடந்த கார் விபத்தை யாரும் மறந்திருக்க முடியாது. விலை உயர்ந்த 'போர்ஷே' கார் ஒன்று மோட்டார் சைக்கிள் மீது மோதியது. மோட்டார் சைக்கிளில் சென்ற ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் உயிர் இழந்தார்கள். இருவருக்கும் வயது 24. இருவரும் மத்தியப் பிரதேசத்தில் இருந்து பிழைப்புக்காக வந்த என்ஜினீயர்கள். காரை ஓட்டியது 17 வயதுப் பையன் என்பது போலீசாரின் வழக்கு.

மோதல் நடந்தது சில வினாடிகளில். ஆனால் அந்த வழக்கில் கைதானவர்களில் பெரும்பாலோர் அந்த நேரத்தில் அந்த ரோட்டிலேயே இல்லாதவர்கள். பையனின் தந்தை, தாய், தாத்தா, அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர்கள் இருவர், ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் என்று பட்டியல் நீண்டது. இவர்களில் பலர் மீதுள்ள குற்றச்சாட்டு, விபத்துக்குப் பிறகு செய்த காரியங்களைப் பற்றியது.

இதில் எல்லா வாகன ஓட்டிகளுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. விபத்து எப்போது, எப்படி நேரும் என்று எவராலும் சொல்ல முடியாது. மிகக் கவனமாக ஓட்டுபவருக்கும் அது நேரலாம். ஆனால் அதற்கு அடுத்த ஒரு மணி நேரம் விதியின் கையில் இல்லை. வண்டி ஓட்டியவரின் கையில் இருக்கிறது. அடிபட்டவர் பிழைப்பாரா, ஓட்டியவர் தலை நிமிர்ந்து வீடு திரும்புவாரா என்பது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் முடிவாகிறது.

கல்யாணி நகரில் நடந்தது

அந்த மணி நேரங்களில் நடந்ததாகப் போலீசார் கூறுவது இதுதான்: குடித்திருந்தாரா என்று பார்ப்பதற்காக சசூன் ஆஸ்பத்திரியில் எடுத்த பையனின் ரத்தம் குப்பைத் தொட்டிக்குப் போனது. அதற்குப் பதிலாக வேறு ஒருவருடைய ரத்தம் சோதனைக்கு அனுப்பப்பட்டது. வீட்டு டிரைவரை பங்களாவில் அடைத்து வைத்து, "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லும்படி பணத்தாலும் மிரட்டலாலும் நெருக்கினார்கள்.

இவை கோர்ட்டில் தீர்மானிக்கப்பட வேண்டிய குற்றச்சாட்டுகள். ஆனால் ஊரறிந்த விஷயங்களும் உண்டு. விபத்தை உடனே கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்கவில்லை என்பதற்காக எரவாடா போலீஸ் நிலைய அதிகாரிகள் இருவர் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். கைதான அன்றே பையனுக்கு ஜாமீன் கொடுத்த சிறுவர் நீதி வாரியம், 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டது. நாடே கொதித்தது. சில நாட்களில் பையன் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். ஜூன் 25-ந் தேதி பம்பாய் ஐகோர்ட்டு அவனை விடுவித்தது. வயது வந்தவராகக் கருதி விசாரிக்க வேண்டும் என்ற போலீசாரின் மனுவை 2025 ஜூலையில் வாரியம் தள்ளுபடி செய்தது.

பணக்காரர் வீட்டு விவகாரம், நமக்கு என்ன என்று இதை ஒதுக்கிவிட முடியாது. புனேயில் தமிழர்கள் எத்தனையோ பேர் கார் ஓட்டுகிறார்கள், டெம்போ ஓட்டுகிறார்கள், ஸ்கூட்டரில் அலுவலகம் போகிறார்கள். நாமக்கல், சங்ககிரியில் இருந்து லாரிகள் பெங்களூர் நெடுஞ்சாலை வழியாக வந்துகொண்டே இருக்கின்றன. கத்ரஜ் தாண்டி நவலே பாலம் வரை உள்ள இறக்கம் எப்படிப்பட்டது என்பது அந்த டிரைவர்களுக்குத் தெரியும். 2022 நவம்பர் 20-ந் தேதி ஒரே ஒரு கனரக வாகனம் கட்டுப்பாட்டை இழந்ததால் அங்கே ஏராளமான வாகனங்கள் சேதம் அடைந்தன. பங்களா டிரைவர் முதல் லாரி டிரைவர் வரை, எல்லோருக்கும் இது சோற்றுப் பிரச்சினை.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு ஒவ்வொரு டிரைவரும் மனப்பாடம் செய்ய வேண்டியது. லைசென்சு வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான்.

விபத்தில் ஒருவர் காயம் அடைந்தால், அவருக்குச் சிகிச்சை கிடைக்க முடிந்த எல்லாவற்றையும் டிரைவர் செய்ய வேண்டும். பக்கத்து டாக்டரிடமோ ஆஸ்பத்திரிக்கோ கொண்டு சேர்க்க வேண்டும். போலீஸ்காரர் கேட்டால் விவரம் சொல்ல வேண்டும். போலீஸ்காரர் இல்லை என்றால், பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குச் சீக்கிரமாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், போய்த் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சு கம்பெனிக்கும் பாலிசி எண், விபத்து நடந்த நாள், நேரம், இடம், காயம் பட்டவர் விவரம், டிரைவர் பெயர், லைசென்சு விவரம் ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதைச் செய்யாவிட்டால் 187-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் ஓராண்டு, 10 ஆயிரம் ரூபாய். இது விபத்துக்கான தண்டனை அல்ல. கடமையைச் செய்யாமல் போனதற்குத் தனியாகக் கிடைப்பது.

கூட்டத்துக்குப் பயந்தால்?

"நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும்" என்று டிரைவர்கள் சொல்வார்கள். இந்தப் பயத்தைக் குறை கூற முடியாது. மொழி தெரியாத ஊரில், வெளி மாநில நம்பர் பலகையோடு, நள்ளிரவில் நிற்கிறவனுக்குத்தான் அந்தப் பயம் புரியும். கல்யாணி நகரிலும் கூடியிருந்தவர்கள் காரில் வந்தவர்களைப் பிடித்து அடித்த பிறகுதான் போலீசாரிடம் ஒப்படைத்தார்கள்.

ஆனால் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. இந்தப் பயத்தைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தாலோ, தன் கட்டுப்பாட்டை மீறிய வேறு காரணத்தாலோ காயம் பட்டவருக்கு உதவ முடியாவிட்டால், அது குற்றம் ஆகாது என்று அதே 134-வது பிரிவு கூறுகிறது. ஏன் உதவ முடியவில்லை என்பதைப் போலீஸ் நிலையத்தில் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஆகவே உயிருக்கு ஆபத்து என்றால் அந்த இடத்தை விட்டு அகலலாம். ஆனால் போகிற இடம் போலீஸ் நிலையமாக இருக்க வேண்டும். வழியிலேயே 112-க்கு டெலிபோன் செய்து, "இன்ன இடத்தில் விபத்து, ஆள் அடிபட்டிருக்கிறார், ஆம்புலன்ஸ் அனுப்புங்கள், நான் போலீஸ் நிலையத்துக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். போலீஸ் நிலையத்துக்குப் போகிறவன் ஓடிப்போனவன் அல்ல. ஊருக்கோ, உறவினர் வீட்டுக்கோ, முதலாளி வீட்டுக்கோ போகிறவன்தான் ஓடிப்போனவன்.

106-வது பிரிவும் லாரி ஸ்டிரைக்கும்

2024 ஜனவரி முதல் இரண்டு நாட்களில் லாரி, டாங்கர் டிரைவர்கள் ஸ்டிரைக் செய்ததும், மராட்டியத்தில் பெட்ரோல் பங்குகளில் மைல் கணக்கில் வண்டிகள் நின்றதும் நினைவிருக்கலாம். அதற்குக் காரணம் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 106-வது பிரிவு.

அதன் முதல் உட்பிரிவு, கவனக்குறைவால் ஒருவர் சாவுக்குக் காரணம் ஆனால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இரண்டாவது உட்பிரிவு, அவ்வாறு சாவை ஏற்படுத்திவிட்டு, போலீசாருக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ உடனே தெரிவிக்காமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்கிறது. இதில் 7 லட்சம் ரூபாய் அபராதம் என்று அப்போது பரவிய பேச்சு சரியல்ல. சட்டத்தில் "அபராதம்" என்று இருக்கிறதே தவிர, தொகை எதுவும் இல்லை. அகில இந்திய மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரசைக் கலந்து ஆலோசிக்காமல் இந்த உட்பிரிவைக் கொண்டுவர மாட்டோம் என்று மத்திய அரசு உறுதி கூறியது. 2024 ஜூலை 1-ந் தேதி புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 2022-ம் ஆண்டில் மட்டும் மோதிவிட்டு ஓடிய விபத்துகளில் 30 ஆயிரத்து 486 பேர் இறந்ததாக மத்திய அரசின் கணக்கு கூறுகிறது. இவர்களில் எத்தனை பேர், வண்டி நின்றிருந்தால் பிழைத்திருப்பார்கள்? அந்தக் குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது? அதே நேரத்தில், நின்று உதவி செய்த டிரைவருக்கும் ஓடிப்போன டிரைவருக்கும் போலீஸ் நிலையத்தில் ஒரே மரியாதைதான் என்றால், நிற்கும்படி எந்த முகத்தோடு சொல்வது? தண்டனையைக் கூட்டுவது மட்டும் போதாது. நின்றவனுக்குப் பாதுகாப்பும் வேண்டும். தானாக வந்து தெரிவித்த டிரைவரை அடிக்காமல், அவமதிக்காமல், சட்டப்படி ஜாமீனில் விட்டால், அடுத்த டிரைவருக்கு நிற்கத் தைரியம் வரும்.

முதல் ஒரு மணி நேரம்

விபத்து நடந்ததும் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பதற்றத்தில்தான் அவை மறந்துபோகின்றன.

முதலில் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். நான்கு பக்க விளக்குகளையும் மினுக்க விட வேண்டும். நெடுஞ்சாலை என்றால் பின்னால் நல்ல தூரத்தில் முக்கோணப் பலகையை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிற லாரி இரண்டாவது விபத்தை உண்டாக்கிவிடும்.

அடுத்து 108-க்குப் போன் செய்து ஆம்புலன்சை வரவழைக்க வேண்டும். போலீசுக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. மராத்தி தெரியாவிட்டால் "அப்காத் ஜாலா ஆஹே" என்ற மூன்று வார்த்தை போதும். விபத்து நடந்திருக்கிறது என்று பொருள். பிறகு இடத்தின் பெயர். பாலம், பெட்ரோல் பங்கு, கோவில் என்று பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஓர் அடையாளத்தைச் சொன்னால் வருகிறவர்களுக்கு எளிது.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவருக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது; மூச்சுக் குழலில் போய்விடும். தலைக்கவசத்தைப் பிடித்து இழுக்கக்கூடாது. கழுத்து எலும்பு உடைந்திருந்தால் கை கால் விளங்காமல் போகலாம். தீப்பிடிக்கும் ஆபத்து இல்லாதவரை, ஆளை இழுத்துப் போடாமல் ஆம்புலன்ஸ்காரர்களுக்காகக் காத்திருப்பது நல்லது.

காயம் பட்டபின் வரும் முதல் ஒரு மணி நேரத்தை 'பொன்னான நேரம்' என்று சட்டமே குறிப்பிடுகிறது. அந்த நேரத்தில் பணம் கட்டு, போலீஸ் வரட்டும் என்று எந்த ஆஸ்பத்திரியும் தட்டிக் கழிக்கக் கூடாது. உடனே சிகிச்சை செய்வது டாக்டரின் கடமை என்பதும் 134-வது பிரிவிலேயே இருக்கிறது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி, விபத்தில் காயம் அடைந்தவருக்குக் குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் 7 நாள் வரை, 1½ லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லாமல் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டிலும் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அங்கே அடிபடுகிறவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை.

வேடிக்கை பார்ப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடிபட்டவரைத் தூக்கிச் சென்றால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும் என்பது பழைய கதை. 2016 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தது. 2019-ல் 134-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உதவி செய்தவர் பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

இனி, சம்பளத்துக்குக் கார் ஓட்டும் தமிழர்கள் கவனிக்க வேண்டியது.

முதலாளியின் மகன் ஓட்டிய வண்டி மோதிவிடுகிறது. "நீ ஓட்டியதாகச் சொல்லு. வக்கீல் செலவு என்னுடையது. உன் குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டே நாளில் ஜாமீன்" என்று பேச்சு வருகிறது. முன்பணம் வாங்கியிருப்பான், ஊரில் தங்கை கல்யாணம் இருக்கும், வேலை போனால் தங்கியிருக்கும் அறையும் போகும். "சரி, ஐயா" என்று ஏழை டிரைவரின் தலை ஆடிவிடுகிறது.

அந்த ஒரு தலையாட்டலின் விலை என்ன? சாவுக்குக் காரணமானவன் என்ற வழக்கு அவன் மீது வரும். லைசென்சு போகும். குற்றவாளியை மறைக்கப் பொய்த் தகவல் கொடுத்தது தனிக் குற்றம். இப்போது பொய் நிற்பதும் கடினம். தெருவுக்குத் தெரு காமிரா இருக்கிறது. டெலிபோன் எந்தக் கோபுரத்தின் கீழ் இருந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது. கல்யாணி நகர் வழக்கில் முதலில் தானே ஓட்டியதாகச் சொன்ன வீட்டு டிரைவரின் பேச்சு நிற்கவில்லை. பொய் உடைந்ததும் முதலாளிக்கு வக்கீல் இருப்பார். டிரைவருக்கு யார் இருப்பார்?

இப்படி நெருக்கடி வந்தால் செய்ய வேண்டியது, போலீசாரிடம் உண்மையைச் சொல்வது. போலீஸ் நிலையத்தில் பேச முடியாத நிலை என்றால் மாஜிஸ்திரேட் முன் சொல்லலாம். வண்டியை ஓட்டியது யார் என்று தெரிவிக்க வேண்டிய பொறுப்பு வண்டியின் சொந்தக்காரருக்கு உண்டு. 133-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. 18 வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு என்று 199-ஏ பிரிவு சொல்கிறது. அடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்காகச் சிறைக்குப் போக எந்தச் சம்பளமும் போதாது.

சாவடியில் சாயும் தமிழர்

டிரைவர் பிடிபட்டபின் தமிழர்கள் தவறு செய்யும் இடம், கையெழுத்து. மராத்தியில் எழுதிய தாளை நீட்டினால் படிக்கத் தெரியாமலே போட்டுவிடுகிறார்கள். தனக்குப் புரியாத தாளில் கையெழுத்துப் போடக்கூடாது. படித்துச் சொல்லும்படி கேட்க வேண்டும். புகார் கொடுத்தவர் என்ற முறையில் முதல் தகவல் அறிக்கையைப் படித்துக் காட்டச் சொல்லவும், அதன் நகலை இலவசமாகப் பெறவும் உரிமை உண்டு. காவலில் இருப்பவருக்கு, வருமானம் எதுவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி கிடைக்கும். புனே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு சிவாஜிநகர் கோர்ட்டு வளாகத்தில் இருக்கிறது.

அடிபட்டவர் தமிழராக இருக்கவும் வாய்ப்பு அதிகம். நடந்து போகிறவரும் இரு சக்கர வாகனத்தில் போகிறவரும்தான் பெரும்பாலும் சாகிறார்கள். 2024 டிசம்பர் 23-ந் தேதி அதிகாலை வாகோலி அருகே டம்பர் லாரி ஏறியதில் நடைபாதையில் படுத்திருந்த மூன்று பேர் இறந்தார்கள். இரண்டு பேர் குழந்தைகள். வேலை தேடி வந்த ஏழைகள் அவர்கள்.

இப்படி ஒருவர் இறந்தால் ஊரில் இருந்து வரும் உறவினர்கள் பிணத்தை வாங்கிக்கொண்டு அழுதபடி ரயில் ஏறிவிடுகிறார்கள். நஷ்டஈட்டு வழக்குக்காக அடிக்கடி புனே வர முடியாது என்று கைவிட்டுவிடுகிறார்கள். வர வேண்டியதே இல்லை. 166-வது பிரிவின்படி, நஷ்டஈடு கேட்பவர் தாம் வசிக்கும் ஊரில் உள்ள தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியில் போடலாம். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலில் வந்திருக்கிறது. ஆகவே தாமதம் கூடாது. மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், சாவுக்கு 2 லட்சம் ரூபாயும் பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாயும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும்.

சங்கங்கள் செய்யக்கூடியது

பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் தமிழ்ச் சங்கங்கள் இதிலும் கை கொடுக்கலாம். கட்கி, ராஸ்தா பேட்டை, தேஹு ரோடு, பிம்பிரி, போசரி என்று தமிழர் வாழும் பகுதி ஒவ்வொன்றிலும் மராத்தி நன்றாகப் பேசும் இரண்டு பேர், வக்கீல் ஒருவர், ரத்தம் கொடுக்க முன்வரும் இளைஞர்கள் ஆகியோரின் டெலிபோன் எண்களை எழுதி ஒரு சீட்டாக அச்சிடலாம். அதன் பின்பக்கத்தில் 134-வது பிரிவைத் தமிழில் போடலாம். லைசென்சு வைக்கும் பையிலேயே அந்தச் சீட்டும் இருக்கட்டும். இதற்கு ஆகும் செலவு, விழா மேடைக்குக் கட்டும் சீரியல் விளக்குச் செலவைவிடக் குறைவு.

இரவு பகலாக வண்டி ஓட்டி வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவன் கெட்டவன் அல்ல. ஒரு வினாடி தவறியதற்காக அவனைக் கொலைகாரன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ரோட்டில் ஓர் உயிர் துடித்துக்கொண்டிருக்கும்போது கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினால், அது தவறிய வினாடி அல்ல. அது தெரிந்து செய்த காரியம். நின்றவனுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஜாமீன் இருக்கிறது, இன்சூரன்சு இருக்கிறது. அடிபட்டவன் பிழைத்துவிட்டால், இரவில் தூக்கமும் இருக்கிறது.

வண்டியை எடுக்கும்போதே ஒவ்வொரு டிரைவரும் இதை மனதில் முடிவு செய்துகொள்ள வேண்டும். விபத்து நடந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.